கெடு கடந்து வந்தவர்கள்

தமிழில் 'கெடு' என்னும் சொல் இரு பொருள் தரும். ஒரு செயலை முடிப்பதற்கெனக் குறித்த கால எல்லை ஒன்று. அழிந்துபோதல் என்னும் வினை மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே ஒலியில் அமைந்தது எவ்வாறு என்பதை மொழிநூலார் ஆராயட்டும். மகனையோ மகளையோ புகழ்பெற்ற கல்லூரி ஒன்றில் சேர்க்க முயன்ற பெற்றோர்க்கு இவ்விரு பொருள்களும் அண்டை வீட்டாரே. விண்ணப்பம் அனுப்ப ஒரு நாள், தேர்வுக்குப் பணம் கட்ட ஒரு நாள், இடம் கிடைத்தபின் அதனை ஏற்றுக்கொள்ள ஒரு நாள் என்று வரிசையாக நிற்கும் நாட்களில் ஏதேனும் ஒன்று தவறினால், பல ஆண்டுப் படிப்பு வாயிலில் நின்றுவிடுகிறது.

இது நம் காலத்தில் புதிதாக முளைத்த துன்பம் அன்று. இந்தியாவில் போட்டித் தேர்வு தோன்றிய நாள்தொட்டே கெடுவும் அதனைத் தவறவிட்டோரும் இருந்துவந்திருக்கின்றனர். அவர்களுள் சிலர் பின்னாளில் நாட்டின் தலைவர்களாக விளங்கினர். கெடுவின் முன்னே அவர்கள் என்ன செய்தனர், அவர்களுக்கு எந்தக் கதவு திறந்தது, எவருக்குத் திறக்கவே இல்லை என்பதைச் சிறிது நோக்குவோம்.

முதலில் கெடுவின் சார்பாக ஒரு சொல். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இந்தியாவுக்கு வரும் சிவில் அதிகாரிகள் கம்பெனி இயக்குநர்களின் பரிந்துரையால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இங்கிலாந்தில் ஹெய்லிபரி என்னுமிடத்தில் அவர்களுக்கென்றே ஒரு கல்லூரி இருந்தது. அங்கே நுழைய வேண்டுமானால் இயக்குநர் ஒருவரின் தயவு வேண்டும். அந்த முறை மாறி, 1855இல் போட்டித் தேர்வு வந்தது. தேர்வு வந்ததும் அதற்கென ஒரு நாள், ஒரு வயது வரம்பு, ஒரு விதி ஆகியவையும் உடன் வந்தன. இன்னாரின் மகன் என்பதற்காகக் காத்திருக்காத கடிகாரம் ஏழைக்கும் செல்வனுக்கும் ஒன்றுபோல் அடிக்கும் என்பதே அம்முறையின் நியாயம். இந்த நியாயத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. கெடுவே இல்லாத இடத்தில் செல்வாக்குடையோர் எந்நாளும் நுழையலாம். செல்வாக்கற்றோர் எந்நாளும் காத்திருக்கலாம்.

ஆயினும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மணி அடித்தால் மட்டும் போதாது. மணியோசை கேட்கும் தொலைவில் எல்லாரும் இருத்தல் வேண்டும். ஐ.சி.எஸ். எனப்பட்ட அந்தத் தேர்வு இலண்டனில் மட்டுமே நடைபெற்றது. இலண்டன் இளைஞன் காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தேர்வு மண்டபத்துக்குச் சென்றுவிடலாம். கல்கத்தா இளைஞனோ சென்னை இளைஞனோ பெரும்பொருள் திரட்டி, உற்றாரின் எதிர்ப்பைக் கடந்து, கடலையும் கடந்து, அறியாத நாட்டில் தங்கிப் படித்து, பிறகே அதே மண்டபத்துக்குள் நுழைய முடிந்தது. விதி எழுதப்பட்ட தாளில் இருவரும் சமம். வழியில் சமம் இல்லை. இத்தனைக்கும் பிறகு, 1863இல் சத்தியேந்திரநாத் தாகூர் அத்தேர்வில் வெற்றி பெற்ற முதல் இந்தியர் ஆனார்.

அவருக்குப் பின் 1868 மார்ச் 3 அன்று மூன்று வங்காள இளைஞர் ஒன்றாகக் கப்பலேறினர். சுரேந்திரநாத் பானர்ஜி, ரமேஷ் சந்திர தத், பிகாரிலால் குப்தா என்பது அவர்கள் பெயர். 1869இல் மூவரும் தேர்வில் வென்றனர். ஆனால் வெற்றிச் செய்தியின் ஈரம் காயுமுன்னே சுரேந்திரநாத்தின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த ஸ்ரீபாத் பாபாஜி தாக்கூர் என்பவரின் பெயரும் அவ்வாறே நீக்கப்பட்டது. வயது வரம்பைக் கடந்துவிட்டார்கள் என்பதே காரணம்.

அப்போது மேல் வரம்பு 21. சுரேந்திரநாத் பிறந்தது 1848 நவம்பர் 10. ஆகவே தேர்வு ஆண்டின் தொடக்கத்தில் அவருக்கு 20 வயதே முடிந்திருந்தது. பின் தவறு எங்கே நேர்ந்தது? 1863இல் கல்கத்தாப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதியபோது அவர் வயது 16 எனப் பதிவாகியிருந்தது. தேர்வுக் குழுவினர் அந்த ஏட்டைப் பார்த்தனர். 16 ஆண்டுகள் நிறைந்தவர் என்று பொருள்கொண்டனர். அக்கணக்கின்படி 1869இல் அவர் 21ஐத் தாண்டியவர் என்று முடிவுகட்டினர்.

உண்மையில் அது நம் நாட்டுக் கணக்கு. பதினைந்து நிறைந்து பதினாறு நடந்துகொண்டிருந்தால் பதினாறு என்றே சொல்வது இந்தியர் வழக்கம். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் முதியோரை வயது கேட்டால் நடப்பு ஆண்டையும் சேர்த்தே கூறுவர் என்பதை நாம் அறிவோம். ஆங்கிலேயர் நிறைந்த ஆண்டை மட்டும் எண்ணுவர். இரு கணக்கும் அவ்வவர் நாட்டில் சரியான கணக்குகளே. எனினும் ஒரு நாட்டார் சொன்ன எண்ணை மற்றொரு நாட்டார் தம் வழக்கப்படி படித்ததனால், கெடுவுக்குள் நின்ற இளைஞன் கெடு கடந்தவன் ஆனான்.

சுரேந்திரநாத் அழுது திரும்பவில்லை. இலண்டனில் குவீன்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். இந்தியர் வயது கூறும் முறைமை இன்னது என்பதற்குத் தாய்நாட்டிலிருந்து சான்று வந்தது. நீதிமன்றம் தலையிட்டதும் தேர்வுக் குழுவினர் தம் முடிவை மாற்றிக்கொண்டனர். நீக்கப்பட்ட இரு பெயர்களும் மீண்டும் பட்டியலில் ஏறின. இந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டுவது ஒன்று உண்டு. கெடுவைத் தளர்த்துங்கள் என்று அவர் இரக்கவில்லை. கெடு இருக்கட்டும், அதனை எண்ணும் முறை சரியா என்று கேட்டார். கருணை வேண்டுதல் வேறு, கணக்குக் கேட்டல் வேறு. அவர் கேட்டது கணக்கு.

சுரேந்திரநாத் 1871இல் சில்ஹெட்டில் பதவி ஏற்றார். 1874இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அது வேறொரு கதை. நமக்கு வேண்டுவது அதன்பின் நிகழ்ந்தது. 1876இல் பிரிட்டிஷ் அரசு ஐ.சி.எஸ். வயது வரம்பை மேலும் குறைக்க முடிவு செய்தது. 1855இல் 23ஆக இருந்த மேல் வரம்பு படிப்படியாக 22, 21 என இறங்கி வந்திருந்தது. இப்போது அது 19ஆகக் குறைக்கப்பட்டு, 1878 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்தொன்பது வயதுக்குள் இந்திய இளைஞன் ஆங்கிலம் கற்று, கல்லூரி முடித்து, கடல் கடந்து, இலண்டன் மாணவனோடு போட்டியிடுவது எங்ஙனம் கைகூடும்? வாயிலில் காவலாளை நிறுத்தி இந்தியர் வரலாகாது என்று சொல்லத் தேவையில்லாமற் போயிற்று. தேதி ஒன்றே அந்த வேலையைச் செய்தது.

தம் சொந்த வழக்கில் வென்ற சுரேந்திரநாத், இப்போது நாட்டின் வழக்கைக் கையில் எடுத்தார். 1876 ஜூலையில் ஆனந்தமோகன் போஸ் முதலியோருடன் அவர் நிறுவிய இந்தியச் சங்கம் இதனை முதற் பணியாகக் கொண்டது. 1877இல் அவர் வட இந்திய நகரங்களில் சுற்றுப்பயணம் செய்து கூட்டங்கள் நடத்தினார். அடுத்து பம்பாய், சென்னை மாகாணங்களுக்கும் வந்தார். வங்காளியும் பஞ்சாபியும் மராட்டியரும் தமிழரும் ஒரே குறையை ஒரே மனுவில் எழுதக்கூடும் என்பது அப்போது புதுமை. காங்கிரஸ் மகாசபை தோன்றுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு தேர்வின் வயது வரம்பு இந்தியரை ஒன்றாகக் கூட்டிற்று என்றால் அது மிகையாகாது. அம்மனுவை எடுத்துக்கொண்டு 1879இல் லால்மோகன் கோஷ் இங்கிலாந்து சென்றார். 1886இல் சர் சார்லஸ் ஐச்சிசன் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 23ஐப் பரிந்துரைத்தது. 1892 முதல் வரம்பு மீண்டும் 23 ஆயிற்று. இந்தியாவிலும் ஒரே சமயத்தில் தேர்வு நடத்துவதென்று 1893 ஜூன் 2 அன்று இங்கிலாந்துக் காமன்ஸ் சபை தீர்மானம் நிறைவேற்றியும், அது ஏட்டளவில் நின்றது. 1922இல்தான் அலகாபாத்தில் முதன்முறையாக அத்தேர்வு நடைபெற்றது.

1878க்கும் 1892க்கும் இடைப்பட்ட காலத்தில் எத்தனை இளைஞர் இருபது வயதில் விண்ணப்பத் தாளைப் பார்த்துப் பெருமூச்செறிந்து அதை மடித்து வைத்திருப்பர்! அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. தேர்வில் தோற்றவனுக்கு மதிப்பெண்ணாவது மிஞ்சும். வழக்கில் தோற்றவனுக்குத் தீர்ப்பாவது மிஞ்சும். கெடுவினால் தொடங்கவே முடியாதவனுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. வரலாறு எழுதுவோர் இவர்களையும் நினைவில் கொள்ளுதல் தகும்.

இனி, பலரும் அறிந்த ஒரு பெயருக்கு வருவோம். சுபாஷ் சந்திர போஸ் கல்லூரிக் கெடு கடந்து வந்த மாணவர் என்பதைச் சிலரே அறிவர்.

சுபாஷ் 1897 ஜனவரி 23 அன்று கட்டாக்கில் பிறந்தவர். 1916இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஓட்டன் என்னும் ஆங்கிலேயப் பேராசிரியரை மாணவர் தாக்கிய நிகழ்ச்சியை ஒட்டி அவர் வெளியேற்றப்பட்டார். 1917இல் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ளும் வரையில் படிப்பு நின்றது. 1919இல் தத்துவத்தில் முதல் வகுப்பில் பி.ஏ. பட்டம் பெற்றார். உடனே தந்தை ஜானகிநாத் ஒரு கேள்வியை முன்வைத்தார்: இங்கிலாந்து சென்று ஐ.சி.எஸ். தேர்வு எழுதச் சம்மதமா? விடைகூறக் கிடைத்த அவகாசம் ஒரே நாள். சுபாஷ் சம்மதித்து, 1919 செப்டம்பர் 15 அன்று கப்பலேறினார்.

அவர் இலண்டன் சேர்ந்தபோது அக்டோபரின் பிற்பகுதி ஆகிவிட்டது. கேம்பிரிட்ஜில் பருவம் தொடங்கிக் கல்லூரிகளில் சேர்க்கைக் கெடு முடிந்துவிட்டது. மறு ஆண்டுவரை காத்திருப்பதோ இயலாத காரியம். வயது வரம்பின் காரணமாக ஐ.சி.எஸ். தேர்வை ஒரு முறைதான் எழுத முடியும் என்ற நிலை. அந்தத் தேர்வுக்கு இருந்தது எட்டு மாதமே. இழந்த படிப்பு ஆண்டும், நெடிய கடற்பயணமும், கல்லூரியின் நாட்காட்டியும் ஒன்றுசேர்ந்து ஓர் இளைஞனைச் சுவரோடு சேர்த்து நிறுத்தின.

சுபாஷ் கேம்பிரிட்ஜுக்கே நேரில் சென்றார். அங்கே பயின்ற இந்திய மாணவர் சிலர் அவருக்கு வழி காட்டினர். அவர்கள் காட்டிய இடம் பெரிய கல்லூரி எதுவும் அன்று. பிட்ஸ்வில்லியம் ஹால் என்னும் எளிய விடுதிக் கழகம். அதன் தலைவர் ரெட்டவே சுபாஷின் நிலையைக் கேட்டறிந்து அவரைச் சேர்த்துக்கொண்டார். 1919 நவம்பர் 19 அன்று அவர் பெயர் பல்கலைக்கழக ஏட்டில் ஏறிற்று. மற்றவர்கள் பல வாரங்கள் முன்னே சென்றுவிட்ட பிறகு அவர் பாடம் தொடங்கினார். 1920 ஜூலையில் ஐ.சி.எஸ். தேர்வு எழுதி நான்காம் இடத்தைப் பெற்றார். 1921இல் கேம்பிரிட்ஜ்ப் பட்டத் தேர்விலும் தேறினார். அதே ஆண்டு ஏப்ரல் 22 அன்று, அரும்பாடுபட்டுப் பெற்ற பதவியைத் தாமே துறந்து கடிதம் எழுதினார் என்பது நாடறிந்த செய்தி.

அந்தப் பிட்ஸ்வில்லியம் ஹால் எதற்காகத் தோன்றியது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கல்லூரிகளின் செலவைத் தாங்க முடியாதவர்களும் பல்கலைக்கழகத்தில் பயிலவேண்டும் என்பதற்காகக் கேம்பிரிட்ஜ் 1869இல் ஒரு வாரியம் அமைத்தது. எந்தக் கல்லூரியிலும் சேராமலே பல்கலைக்கழக மாணவராக ஏட்டில் பதிய அது வழி வகுத்தது. பிட்ஸ்வில்லியம் ஹால் அந்த மாணவர்களுக்கு உரிய இடமாக வளர்ந்தது. 1966இல் அதுவே முழுக் கல்லூரி ஆயிற்று. சுரேந்திரநாத்தின் பெயர் இலண்டனில் நீக்கப்பட்ட அதே 1869இல், ஐம்பது ஆண்டு கழித்து மற்றோர் இந்திய இளைஞன் நுழையப்போகும் பக்கவாயில் ஒன்று கேம்பிரிட்ஜில் திறக்கப்பட்டது. அதனைத் திறந்தவர்கள் சுபாஷை எண்ணித் திறக்கவில்லை. ஏழைக்கென வைத்த வாயில் காலம் தாழ்ந்து வந்தவனுக்கும் உதவிற்று. ஓர் அமைப்பு தன் கெடுவைக் கண்டிப்பாகக் காப்பதில் தவறில்லை. அதன் சுவரில் இத்தகைய வாயில் ஒன்று இருக்கிறதா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி சுதந்திர இந்தியாவிலும் மறையவில்லை. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் இடம் பெறுவதற்கான நுழைவுத் தேர்வு நாட்டின் கடினமான தேர்வுகளுள் ஒன்று. 2021இல் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மாணவர் ஒருவர் பம்பாய்க் கழகத்தில் இடம் பெற்றார். பலமுறை முயன்றும் கடன் அட்டை வழியாகப் பணம் சென்று சேரவில்லை, கெடு முடிந்தது. அவ்வாண்டுத் தேர்வை நடத்திய கழகம் இருந்த கரக்பூர் வரை அவர் நேரில் சென்றும் பயனில்லை. உயர் நீதிமன்றமும் கைவிரித்தது. இறுதியில் 2021 நவம்பர் 22 அன்று, அவருக்கு இடம் அளிக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

2024இல் மற்றொரு நிகழ்ச்சி. உத்தரப்பிரதேசச் சிற்றூர் ஒன்றில் நாட்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்குத் தன்பாத் கழகத்தில் மின்பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. ஜூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்ட வேண்டும். பிறரிடம் கேட்டுப் பணம் திரட்டி முடித்தபோது கெடுவுக்குச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தன. கணினியில் விவரங்களைப் பதிந்துகொண்டிருக்கும்போதே மணி ஐந்தாகி, வாயில் மூடிக்கொண்டது. அத்தேர்வை இருமுறைதான் எழுதலாம் என்பது விதி. அவருக்கு அது இரண்டாம் முறை. ஐ.சி.எஸ். தேர்வுக்கு ஒரே வாய்ப்போடு நின்ற சுபாஷின் நிலைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அந்த மாணவர் முதலில் தாழ்த்தப்பட்டோர்க்கான தேசிய ஆணையத்தை அணுகினார். பிறகு தன்பாத் இருக்கும் ஜார்க்கண்டில் சட்ட உதவி நாடினார். அவ்வாண்டுத் தேர்வை நடத்தியது சென்னைக் கழகமாதலால், சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் செல்லுமாறு அங்கே வழி கூறப்பட்டது. சென்னையிலிருந்து வழக்கு தில்லி சென்றது. வட இந்தியச் சிற்றூர் ஒன்றில் கிளம்பிய முறையீடு கிழக்கே சென்று, தெற்கே வந்து, தலைநகரை அடைய மூன்று மாதங்கள் ஆயின. 2024 செப்டம்பர் 30 அன்று, தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு அரசியலமைப்பின் 142ஆம் பிரிவைக் கையாண்டு, அவரைத் தன்பாத் கழகத்தில் சேர்க்க ஆணையிட்டது. அவருக்கென இடம் ஒன்று புதிதாக உண்டாக்கப்பட்டது. அதனால் பிறர் எவரும் இடம் இழக்கவில்லை. முழு நியாயம் வழங்குவதற்கு உச்ச நீதிமன்றத்துக்குத் தனியதிகாரம் தருவது அப்பிரிவு. 17,500 ரூபாய்க்காக அந்த அதிகாரத்தை எடுக்க நேர்ந்தது என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. உச்ச நீதிமன்றம் எல்லாருக்கும் எட்டும் பக்கவாயில் ஆகாது. எட்டாதவர்களின் தொகை எட்டியவர்களின் தொகையினும் பெரிதாகவே இருக்கும்.

இவ்வரலாறுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. சுரேந்திரநாத் கணக்கைத் திருத்தினார். சுபாஷ் வேறொரு வாயிலைத் தேடினார். தன்பாத் மாணவர் நியாயம் கேட்டார். வழிகள் வேறு. ஆனால் மூவரும் காலம் தாழ்த்தாமல் எழுந்தனர். தம் நிலையை வாய்ச்சொல்லால் மட்டும் கூறாமல் பதிவுகளோடும் நேரிலும் சென்று உரைத்தனர். ஒரு வாயில் மூடியதும் அடுத்த வாயில் எது என்று அறிந்தவரைத் தேடிக் கேட்டனர். மூவருக்கும் எவரேனும் ஒருவர் வழிகாட்டியாக வாய்த்தனர் என்பதையும் மறத்தலாகாது.

தாய்நாட்டுக்கு வெளியே, பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது சற்று நெருங்கிய செய்தி. பிறப்புச் சான்று ஓர் ஊரில் இருக்கும். சாதிச் சான்று மற்றோர் ஊரில் இருக்கும். இருப்பிடச் சான்று மூன்றாம் ஊரில் கேட்கப்படும். ஓர் அலுவலகத்தின் தாள் மற்றோர் அலுவலகத்தாரின் மொழியில் இராது. பெயரின் முன்னெழுத்தைக் கண்டு, குடும்பப் பெயர் எங்கே என்று வடபுலத்து எழுத்தர் வினவுவர். சுரேந்திரநாத்தின் வயதைப் பிறிதொரு நாட்டுக் கணக்கால் படித்ததைப் போன்றதே இதுவும். உள்ளூர்ப் பிள்ளைக்கு ஒரு கெடு என்றால், புலம்பெயர்ந்தவர் பிள்ளைக்கு அக்கெடுவுக்கு முன்னே வேறு பல கெடுக்கள் உண்டு. ஆகவே அண்டை வீட்டுப் பிள்ளை தொடங்கும் நாளுக்கு முன்பே நாம் தொடங்க வேண்டியிருக்கிறது.

நம்மவர் பலர் கூடி வாழும் நகரங்களில் தமிழ்ச் சங்கங்கள் உள்ளன. பொங்கல் விழாவும் இசை விழாவும் நடத்தும் அச்சங்கங்களின் ஒரு மூலையில், தேர்வு நாட்களையும் வேண்டிய சான்றுகளையும் எழுதி வைக்கும் ஒரு பலகை இருக்குமானால், முன்னே படித்துச் சென்ற மாணவர் ஒருவர் வாரந்தோறும் அங்கே வந்து அமர்வாரானால், கேம்பிரிட்ஜில் அந்த இந்திய மாணவர்கள் சுபாஷுக்குச் செய்த உதவியை நாமும் செய்தவர்கள் ஆவோம். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

கெடு இருக்கத்தான் வேண்டும். அதனை எண்ணும் கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும். அதனருகே ஒரு சிறு கதவும் இருக்க வேண்டும். 1869இலும் 1919இலும் 2024இலும் இந்திய மாணவர்கள் கேட்டது இவ்வளவே.